மஞ்சள் காமாலையா? கீழாநெல்லியைத் தேடும் முன்...

"டாக்டர், மூணு வாரமா கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கறோம். மஞ்சள் இறங்கவே மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா ஏதாவது குடுங்களேன்!"

மாதத்தில் ஓரிருவராவது இப்படிக் கேட்டுக்கொண்டு என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். நான் உடனே மருந்து எழுதுவதில்லை. முதலில் ஒரு கேள்வி: "வெளிக்கு என்ன நிறத்தில் போகுது?" கூட வந்த வீட்டம்மா முகத்தைச் சுளிப்பார். "அதெல்லாம் யாருங்க பார்க்கறாங்க?" என்பார் நோயாளி.

பார்க்கத்தான் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

நம் ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களுக்கு ஆயுள் சுமார் 120 நாள். அவை உடையும்போது 'பிலிரூபின்' என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. ஈரல் அதை வாங்கிப் பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்புகிறது. மலத்துக்குப் பழுப்பு நிறம் வருவதே இதனால்தான். இந்தப் பாதையில் எங்கே கோளாறு வந்தாலும் மஞ்சள் ரத்தத்தில் தேங்கும், கண்ணில் தெரியும். ஆக, காமாலை என்பது தனி ஒரு வியாதி இல்லை. உள்ளே ஏதோ வியாதி இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலும் காமாலை வரும். வைரஸ், சாராயம், சில மாத்திரைகள் இவற்றால் ஈரல் வீங்கினாலும் வரும். ஈரல் நன்றாகவே இருந்து, பித்தம் இறங்கும் குழாயைக் கல்லோ கட்டியோ அடைத்துக்கொண்டாலும் வரும். இந்தக் கடைசி வகையில்தான் பித்தம் குடலுக்கு வராமல் மலம் வெளுத்துப்போகும். சிறுநீர் கடுந்தேநீர் மாதிரி இருக்கும். உடம்பெல்லாம் அரிக்கும். இதற்குக் கீழாநெல்லி என்ன செய்யும்? அடைத்த சாக்கடைக்கு மேலே நின்று தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

சித்த வைத்தியனே இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். கீழாநெல்லி மேல் எனக்கு மரியாதை உண்டு. 1988-ல் சென்னையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், ஹெபடைடிஸ்-பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்குடன் சேர்ந்து, 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பி வைரஸை நெடுநாளாக உடம்பில் சுமப்பவர்களில், கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. நாங்களெல்லாம் தலைநிமிர்ந்து நடந்தோம்! ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

அப்படியானால் கீழாநெல்லிக்கு இவ்வளவு பேர் எப்படி வந்தது? அசுத்தமான தண்ணீரால் வரும் 'ஏ' வகைக் காமாலை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்தச் சமயத்தில் என்ன கொடுத்திருந்தோமோ, பேர் அதற்குப் போய்விடுகிறது. கையில் சூடு போட்டவருக்கும் அப்படித்தான் பேர் கிடைத்தது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் தொழில் ஆரம்பித்த புதிதில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல். கண்ணெல்லாம் மஞ்சள், காய்ச்சலில்லை, வலியில்லை. நாடி பார்த்தேன், நாக்கு பார்த்தேன், விழி பார்த்தேன். மோரில் கீழாநெல்லி கொடுத்தேன். அரிக்குது என்றார், பித்தம் என்று அதற்கும் ஒன்று கொடுத்தேன். ஐந்து வாரம் ஓடியது. ஒருநாள் அவர் மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அப்பாவுக்கு வெளிக்குப் போறது சுண்ணாம்பு மாதிரி இருக்குங்க."

ஸ்கேனுக்கு அனுப்பினேன். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்த சர்ஜன், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எட்டு வகைத் தேர்வில் மலமும் ஒன்று என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். வாத்தியாரிடம் போய் அதைக் கேட்பதா என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். அவர் அந்த வருஷம் முடிவதற்குள் போய்விட்டார்.

கண் மஞ்சளாகத் தெரிந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்: பிலிரூபின், ஈரல் என்சைம்கள், ரத்தம் உறையும் நேரம், பி, சி வைரஸ் சோதனை. மலம் வெளுத்திருந்தாலோ, வயதானவருக்கு வலியில்லாமல் மஞ்சள் ஏறிக்கொண்டே போனாலோ ஸ்கேன் கட்டாயம். நோயாளி பிதற்றினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, குளிர் காய்ச்சலோடு வலது விலாவுக்குக் கீழே வலித்தாலோ, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கர்ப்பிணிக்கு மஞ்சள் தெரிந்தால் ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது. தண்ணீரில் பரவும் 'ஈ' வைரஸ் அவர்கள் உயிருக்கே உலை வைக்கும்.

வைரஸ் காமாலைதான் என்று தெரிந்த பிறகு, வைத்தியர் மேற்பார்வையில் கீழாநெல்லி சாப்பிடுவதை நான் தடுப்பதில்லை. கண்ணில் சாறு விடுவதும், மூக்கில் பிழிவதும் வேண்டாம். பேர் தெரியாத பொடிகளும் வேண்டாம். மூலிகையிலும் ஈரலைக் கெடுப்பவை உண்டு. சாராயம் கூடவே கூடாது. உப்பில்லாமல் எண்ணெயில்லாமல் ஒரு மாசம் வெறும் கஞ்சி ஊற்றி ஆளை எலும்பாக்குவதும் அவசியமில்லை; பசிக்கிற அளவு சாதாரணச் சாப்பாடே கொடுக்கலாம். குழம்பில் மஞ்சள்தூள் போட்டால் மஞ்சள் ஏறும் என்று டப்பாவை ஒளித்துவைக்கும் மாமியார்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மஞ்சளுக்கும் இந்த மஞ்சளுக்கும் நிறம் மட்டும்தான் ஒற்றுமை!

பச்சைக் குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிறந்து இரண்டு மூன்று நாளில் லேசாக மஞ்சள் தட்டுவது சகஜம். முதல் 24 மணி நேரத்துக்குள் தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ தாமதிக்காதீர்கள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்து, மலமும் வெளுத்திருந்தால் பித்தக்குழாயே சரியாக உருவாகாமல் இருக்கலாம். அதற்கு இரண்டு மாதம் முடிவதற்குள் ஆபரேஷன் செய்தால்தான் நல்ல பலன். குழந்தையின் துணியை அலசுகிற பாட்டியைக் கேளுங்கள். நிறம் அவருக்குத்தான் தெரியும்.