குக்கருக்குள் ஒரு கலகம்: கார்ட்டூன் வீட்டுப் பிள்ளைகளின் முரண்டு எப்படி இயங்குகிறது?

அமெரிக்கத் தொலைக்காட்சியில் குடும்பக் கார்ட்டூன் தொடருக்கு ஒதுக்கும் நேரம் அரை மணி. விளம்பரம் போக மிஞ்சுவது ஏறத்தாழ 22 நிமிடம். அதற்குள் ஒரு நல்ல பிள்ளை கெட்டுப்போக வேண்டும், பள்ளிக்கூடம் அல்லோலகல்லோலப்பட வேண்டும், பிள்ளை மனம் மாறி வீடு திரும்பவும் வேண்டும். அடுத்த வாரம் ஒன்றுமே நடக்காத மாதிரி எல்லோரும் அதே சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். நிஜ வீட்டில் நாலைந்து வருஷம் பெற்றோரைப் பாடாய்ப்படுத்துகிற பதின்வயது முரண்டை இத்தனை சீக்கிரம் எப்படி வேகவைக்கிறார்கள்?

நம் அடுப்படியில் இருக்கிற பிரஷர் குக்கரின் சூத்திரம்தான் அது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஆவி அதன்போக்கில் போய்விடும், பருப்பு வேக நேரமாகும். குக்கரில் ஆவிக்குப் போக இடமில்லை. அழுத்தம் ஏற ஏற, தண்ணீர் கொதிக்கும் சூடும் 120 டிகிரியை ஒட்டிப் போகிறது. நாலு விசிலில் பருப்பு மசிந்துவிடுகிறது. கதைக் குக்கரையும் பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தால் வேலை செய்யும் விதம் புரியும்.

கழற்றிப் பார்க்க நல்ல உருப்படி ஒன்று இருக்கிறது. ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரின் மூன்றாம் சீசனில், 1992 பிப்ரவரி 27 அன்று ஒளிபரப்பான ‘செபரேட் வொகேஷன்ஸ்’. எழுதியவர் ஜார்ஜ் மேயர், இயக்கியவர் ஜெஃப்ரி லிஞ்ச்.

மூடியும் கேஸ்கட்டும்

குக்கருக்கு முதலில் வேண்டியது கசியாத மூடி. கார்ட்டூன் குடும்பத்தில் அந்த வேலையைச் செய்வது வயது. 1989 டிசம்பரில் தனித் தொடராக வந்த நாள் முதல் அண்ணன் பார்ட்டுக்கு 10 வயது, தங்கை லீசாவுக்கு 8. இன்றைக்கும் அதே வயதுதான். நிஜ வீட்டில் கோபம் கசிந்து போக நூறு வழி உண்டு. பிள்ளை ஹாஸ்டலுக்குப் போகும், வேலை கிடைத்து வெளியூர் போகும், காலம் பாதிச் சண்டையைத் தானாகவே கரைத்துவிடும். சிம்ப்சன் குடும்பம் வாழ்கிற ஸ்பிரிங்ஃபீல்டில் அப்படி எந்தச் சந்தும் கிடையாது. அதே அப்பா, அதே அம்மா, அதே சாப்பாட்டு மேசை.

வயது நின்றுபோனதில் எழுத்தாளருக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. பதினாலு வயதில் வருகிற கேள்வியை எட்டு வயதுப் பெண் தலையில் ஏற்றலாம். ‘நான் யார் என்பதை ஊரே முடிவு பண்ணிவிட்டதா?’ என்ற கேள்வி அது. நிஜ நடிகையை வைத்து எடுக்கிற தொடரில் எட்டு வயதுக் குழந்தை பாத்ரூமில் நின்று சிகரெட் பிடித்தால் பார்ப்பவர் பதறிப்போவார். வரைந்த படம் என்பதால் சிரித்துக்கொண்டே யோசிக்கிறார்.

அடுப்பைப் பற்றவைப்பது

முரண்டுக்குக் காரணம் சின்னதாக இருக்க வேண்டும், ஆனால் சுடவேண்டிய இடத்தில் சுட வேண்டும். இந்த எபிசோடில், பள்ளியில் ஒரு தொழில் திறனறித் தேர்வு வைக்கிறார்கள். விடைத்தாளை இயந்திரம் திருத்துகிறது. பார்ட் போலீஸ்காரன் ஆவானாம். சாக்ஸஃபோன் கலைஞராகக் கனவு காண்கிற லீசா குடும்பத் தலைவி ஆவாளாம். மனம் கேட்காமல் சங்கீதம் தெரிந்த ஒருவரிடம் போகிறாள். வாசிப்பில் குறையில்லை, விரல்கள்தான் குட்டை, அதுவும் அப்பா வழி வந்த குறை என்று அவர் சொல்லிவிடுகிறார். இயந்திரம் கதவைச் சாத்தியது. உடம்பு தாழ்ப்பாளையும் போட்டுவிட்டது.

இங்கே மேயர் செய்கிற ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. மகளைத் தேற்ற நினைக்கிற அம்மா மார்ஜ், இல்லத்தரசி வேலையிலும் கலை இருக்கிறது என்று காட்டுகிறாள். காலைச் சிற்றுண்டித் தட்டில் முட்டையையும் பன்றி இறைச்சித் துண்டையும் சிரிக்கிற முகமாக அடுக்கி வைக்கிறாள். அப்பா ஹோமரும் பார்ட்டும் வருகிறார்கள், தட்டைப் பார்க்கக்கூட இல்லை, வாரி விழுங்கிவிட்டுப் போகிறார்கள். சில நொடிக் காட்சிதான். யாரும் லீசாவைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனால் அம்மாவின் வாழ்க்கை முழுவதையும் அவள் அந்தத் தட்டில் பார்த்துவிட்டாள். பதின்வயதுக் கோபத்தின் வேர் அடக்குமுறையாக மட்டும் இருப்பதில்லை. ‘நானும் இப்படித்தான் ஆவேனோ’ என்ற பயமும் உண்டு. அதை வெளிப்படையாகப் பேசாமலே உணர்த்திவிட்டார்கள். அடுப்பு பற்றிக்கொண்டது.

சோம்பல்பட்ட எழுத்தாளர் இந்த இடத்தில் ஒரு கெட்ட சிநேகிதியைக் கொண்டுவந்து நிறுத்துவார். ‘எல்லாம் சேர்க்கை சரியில்லை’ என்று பெற்றோர் சொல்வதற்கு வசதியான பாத்திரம். லீசாவுக்கும் பாத்ரூமில் புகை பிடிக்கிற பெண்கள் துணைக்கு வருகிறார்கள். ஆனால் தீ அதற்கு முன்பே எரிய ஆரம்பித்துவிட்டது. அவர்கள் குமிழைத் திருப்பி அதிகமாக்குகிறார்கள், அவ்வளவே.

அடுக்குப் பாத்திரம்

குக்கரில் கீழே பருப்பும் மேல் அடுக்கில் அரிசியும் வைப்போம். இரண்டும் வேகிறது ஒரே ஆவியில். சிட்காம் எனப்படும் நகைச்சுவைத் தொடரில் முக்கியக் கதையோடு ஒரு துணைக்கதையும் ஓடும். இரண்டுக்கும் தொடர்பில்லாமல் இருந்தால் இரண்டு அடுப்பில் வைத்த மாதிரி, எதுவும் எதற்கும் உதவாது. இந்த எபிசோடில் லீசாவைக் கெடுத்த அதே தேர்வு முடிவு பார்ட்டைத் திருத்திவிடுகிறது. போலீஸ் வண்டியில் ஒரு சுற்று போய்வந்தவனுக்கு அதிகாரத்தின் ருசி பிடித்துப்போகிறது. தலைமையாசிரியர் ஸ்கின்னர் அவனைப் பள்ளி நடைவழிக் காவலனாக நியமிக்கிறார். வால் பையன் சட்டத்தின் கை, சமர்த்துப் பெண் குற்றவாளி. இடமாற்றம் என்பது பழைய உத்திதான். ஆனால் இரண்டு அடுக்கும் சந்தித்தே ஆகவேண்டும் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. அழுத்தம் அங்கேதான் ஏறுகிறது.

விசில் எதற்கு?

விசில் வந்தால் உள்ளே அழுத்தம் காலியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அளவுக்கு மிஞ்சிய ஆவியை மட்டும் வெயிட் தூக்கி வெளியே விடுகிறது. உள்ளே சூடு அப்படியே நிற்கிறது. நகைச்சுவைத் தொடரில் ஜோக்குக்கு இதுதான் வேலை.

லீசா பல்குச்சியைக் கடித்துக்கொண்டு ஸ்கின்னர் முன் நிற்கிறாள். எதை எதிர்த்து இந்தக் கலகம் என்று அவர் கேட்க, உங்களிடம் என்னென்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்கிறாள். 1953-ல் வந்த ‘தி வைல்ட் ஒன்’ படத்தில் மோட்டார் சைக்கிள் கும்பல் தலைவனாக மார்லன் பிராண்டோ பேசிய பதிலின் நகல் அது. தோல் ஜாக்கெட் போட்ட முரடன் பேசியதை முத்துமாலை போட்ட எட்டு வயதுப் பெண் பேசினால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? சிரிப்போடு இன்னொன்றும் புரிகிறது. அவளுக்குச் சொந்தமாக முரண்டு பிடிக்கத் தெரியவில்லை. சினிமாவில் பார்த்ததை இரவல் வாங்குகிறாள். சிகரெட், குச்சி, எதிர்ப்பேச்சு எல்லாமே வாடகைச் சாமான். பதின்வயதுக் கலகம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது என்பதால் ஜோக் நிஜத்தையும் தொட்டுவிடுகிறது.

அடுத்து வருவது பெரிய விசில். ஆசிரியர்களிடம் மட்டும் இருக்கிற, விடைகள் அச்சிட்ட பாடப்புத்தகப் பிரதிகளை லீசா மொத்தமாகத் திருடி ஒளித்துவிடுகிறாள். அவ்வளவுதான், பள்ளி ஸ்தம்பித்துப்போகிறது. விடைப்புத்தகம் இல்லாத வாத்தியார்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சிரிக்கிறோம், கூடவே, இந்தப் பள்ளி நடத்திய தேர்வா இவள் தலையெழுத்தைத் தீர்மானித்தது என்றும் தோன்றிவிடுகிறது. அவள் செய்தது குற்றம், ஆனால் அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சூடு இறங்கவில்லை.

வெயிட்டில் அடைப்பு இருந்தால் ஆபத்து. 1980-களில் அமெரிக்க சிட்காம்கள் அவ்வப்போது ‘மிகச் சிறப்பான எபிசோட்’ என்று விளம்பரப்படுத்தி, ஜோக்கை நிறுத்திவிட்டு போதை, குடி பற்றிப் பாடம் நடத்தும். சிரிப்பு வெளியேறாத இடத்தில் உபதேசம் பீறிட்டுக்கொண்டு வரும், சுவரெல்லாம் தெறிக்கும்.

பிரஷர் அடங்கும்வரை

அடுப்பை அணைத்த உடனே மூடியைத் திறக்கிறவர் கையைச் சுட்டுக்கொள்வார். கடைசி மூன்று நிமிடத்தில் அப்பா தோளில் கைபோட்டு இரண்டு வாக்கியம் பேச, பிள்ளை அழுது திருந்துகிற கதைகள் இந்த ரகம்.

‘செபரேட் வொகேஷன்ஸ்’ காத்திருக்கிறது. திருடனைத் தேடி லாக்கர்களைச் சோதிக்கிற பார்ட், புத்தகங்களைத் தங்கையின் லாக்கரில் பார்த்துவிடுகிறான். பள்ளியை விட்டே நீக்கக்கூடிய குற்றம். அவன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு, நூற்றுக்கணக்கான நாள் தண்டனை வகுப்பை வாங்கிக்கொள்கிறான். ஏன் செய்தாய் என்று லீசா கேட்கிறாள். உனக்கு மூளை இருக்கிறது, நீ எங்கேயோ போய்விடுவாய், அதைக் கெடுத்துக்கொள்ளாதே என்கிறான். நீ பெரிய ஆளானதும் கடன் கேட்க நான் வருவேன் என்றும் சேர்த்துக்கொள்கிறான். பாசம் பொங்கும் நேரத்தில் வருகிற அந்தக் கடன் பேச்சுதான் மிச்சமிருக்கிற ஆவியை மெல்ல வெளியே விடுகிறது. தேர்வு பொய் என்று யாரும் அறிவிக்கவில்லை. விரலும் வளரவில்லை. அவள் மறுபடி சாக்ஸஃபோன் வாசிக்கிறாள், அண்ணன் தண்டனை எழுதுகிறான்.

பருப்பு வெந்ததா?

அடுத்த வாரம் லீசா பழைய லீசாதான். ‘எதுவும் மாறவில்லையே, பிறகென்ன கதை?’ என்று சிலர் கேட்பதுண்டு. குக்கர் மாறாது, தினமும் அதே குக்கர்தான். மாற வேண்டியது உள்ளே இருந்தது. அண்ணனுக்குத் தங்கைமேல் இவ்வளவு மதிப்பு உண்டு என்பது இந்த எபிசோடுக்கு முன் நமக்குத் தெரியாது. இனி அவர்கள் எத்தனை சண்டை போட்டாலும் அது மறக்காது. இன்னொன்று, இந்த எபிசோட் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, 1992 ஜனவரியில், அப்போதைய அதிபர் ஜார்ஜ் புஷ் அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்சன் குடும்பம் மாதிரி இருக்க வேண்டாம் என்று மேடையில் பேசியிருந்தார். விசில் சத்தத்தை மட்டும் கேட்டவரின் தீர்ப்பு அது.

மற்ற தொடர்களையும் இதே கணக்கில் சோதிக்கலாம். ‘பாப்ஸ் பர்கர்ஸ்’ தொடரின் ‘பேட் டீனா’ (2012) எபிசோடில் 13 வயது டீனாவைப் புதிதாக வந்த டாமி வழிதவற வைக்கிறாள். டீனா ரகசியமாக எழுதிய கதைகளைக் காட்டி மிரட்டுகிறாள். கடைசியில் டீனாவே அதை எல்லோர் முன்னும் வாசித்துவிடுகிறாள். மிரட்டலுக்கு அப்புறம் வேலை ஏது? ‘கிங் ஆஃப் தி ஹில்’ தொடரின் ‘ரீபார்ன் டு பி வைல்ட்’ (2003) இன்னும் கெட்டி. மகன் பாபி சேர்வது ராக் இசையும் ஸ்கேட்போர்டுமாக இருக்கிற தேவாலய இளைஞர் குழுவில். புரொபேன் எரிவாயு விற்கிற அப்பா ஹாங்க் எதிர்க்க முடியாமல் தவிக்கிறார். சாமி கும்பிடாதே என்று எப்படிச் சொல்வது? கடைசியில் ஒரு பெட்டியைத் திறக்கிறார். ஒரு காலத்தில் மகன் உயிராக நினைத்து, பிறகு தூக்கிப்போட்ட சாமான்கள் அதில் கிடக்கின்றன. கடவுளும் இந்தப் பெட்டிக்குள் போய்விடக் கூடாது என்பதுதான் என் பயம் என்கிறார். அதட்டல் இல்லை, ஆனால் பருப்பு குழைய வெந்துவிட்டது.

அதே தொடர் 2025-ல் மீண்டும் வந்தபோது மூடியையே கழற்றிவிட்டார்கள். பாபிக்கு வயது 21, டல்லாஸ் நகரில் சமையல் கலைஞர். வயதை ஓடவிட்டும் அந்தக் குடும்பம் கலையாமல் நிற்கிறது என்றால், முன்பு வெந்தது வீண்போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

வீட்டில் பிள்ளைகளோடு இப்படி ஒரு எபிசோட் பார்க்க நேர்ந்தால், ‘பார்த்தாயா, கடைசியில் திருந்திவிட்டாள்’ என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். எந்த இடத்தில் தீ பற்றியது என்று கேளுங்கள். பிள்ளை சொல்கிற பதில், எபிசோடைவிட உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.