சக்கரம் மாற்றிய கைகள்: 2021 ஃபார்முலா 1 பருவம்

கார் பந்தயங்களுள் உச்சநிலையில் வைத்து எண்ணப்படும் ஃபார்முலா 1 தொடரின் 2021ஆம் ஆண்டுப் பருவம், மெர்சிடிஸ் அணியின் லூயிஸ் ஹாமில்டனும் ரெட்புல் அணியின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனும் கடைசிப் பந்தயத்தின் கடைசிச் சுற்றுவரை மோதிக்கொண்ட பருவமாகவும், அச்சுற்றுக்குச் சற்று முன் பந்தய இயக்குநர் எடுத்த முடிவு கிளப்பிய சர்ச்சைக்காகவுமே இன்றளவும் பேசப்படுகிறது. ஓட்டுநரின் இருக்கையிலிருந்து பார்த்தால் அந்த ஆண்டு அப்படித்தான் தெரியும். காரைப் பிரித்துக் கோத்து, சக்கரம் மாற்றி, பெட்டியில் அடைத்து அடுத்த நாட்டுக்கு அனுப்பும் பணிக்குழுவின் பக்கம் நின்று பார்த்தாலோ, வெற்றி தோல்வியைத் திருப்பிவிட்ட தருணங்களுள் பல பந்தயத் தடத்தில் நிகழவேயில்லை என்பதும், அவை ஒரு நட்டிலும் ஒரு விளக்கிலும் நொடியின் சில பங்கிலும் அடங்கிக் கிடந்தன என்பதும் புலப்படும்.

மார்ச் 28 அன்று பஹ்ரைனில் தொடங்கி டிசம்பர் 12 அன்று அபுதாபியில் முடிந்த அப்பருவத்தில் 22 பந்தயங்கள் நடந்தன. ஓராண்டில் அத்தனை பந்தயங்கள் அதற்கு முன் நடந்ததில்லை. கொரோனா பரவலால் ஆஸ்திரேலியா, சீனா, கனடா, சிங்கப்பூர், ஜப்பான் ஆகிய நாடுகளின் பந்தயங்கள் கைவிடப்பட்டு, துருக்கி, கத்தார் போன்றவை இடையில் சேர்க்கப்பட்டமையால், எந்த வாரம் எந்த நாட்டில் வேலை என்பதே பணியாளர்களுக்கு உறுதியில்லாமல் இருந்தது. பந்தய வளாகத்தில் காரோடு நேரடித் தொடர்புள்ள வேலை செய்வோரின் எண்ணிக்கையை விதிகள் அணிக்கு அறுபது பேர் அளவில் மட்டுப்படுத்தியுள்ளன. அவர்கள் இரவில் குறிப்பிட்ட மணி நேரம் வளாகத்துக்குள் இருக்கக் கூடாது என்ற ஊரடங்கு விதியும் 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பருவத்தில் மிகச் சில முறை மட்டுமே ஓர் அணி அதை மீறலாம். விடிய விடியக் காரைக் கோத்துவிட்டு மறுநாள் அதே கண்களோடு பந்தயத்தில் நிற்கும் பழைய வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த விதி அது. பணியாளர்களை மனிதர்களாகக் கருதி எழுதப்பட்ட மிகச் சில விதிகளுள் அதுவும் ஒன்று எனலாம்.

பந்தயத்தின் நடுவே கார் தடத்தை விட்டு விலகி, அணிகளின் கொட்டகைகளை ஒட்டிய பாதைக்குள் நுழைந்து டயர் மாற்றிக்கொள்வதற்குப் பிட் ஸ்டாப் என்று பெயர். எரிபொருள் நிரப்புவது 2010ஆம் ஆண்டிலிருந்து தடை செய்யப்பட்டுவிட்டதால், அந்த நிறுத்தம் இப்போது ஏறத்தாழ முழுக்க முழுக்கச் சக்கரம் மாற்றும் வேலையாகச் சுருங்கிவிட்டது. ஒரு சக்கரத்துக்கு மூவர்: காற்றழுத்தத்தால் இயங்கும் ‘கன்’ எனப்படும் கருவியால் நட்டைக் கழற்றி மீண்டும் முடுக்குபவர் ஒருவர், பழைய சக்கரத்தை உருவுபவர் ஒருவர், புதியதைப் பொருத்துபவர் ஒருவர். இவர்களோடு முன்னும் பின்னும் ஜாக்கி போட்டுக் காரைத் தூக்குவோர், கார் ஆடாமல் பக்கவாட்டில் பிடித்துக்கொள்வோர், முன்னிறக்கையின் சாய்வைத் திருத்துவோர் என்று இருபது பேருக்கு மேல் ஒரு காரைச் சூழ்ந்து நிற்பார்கள். சாலையோரப் பஞ்சர் கடையில் ஒரு சக்கரத்துக்கு நான்கைந்து நட்டு என்ற கணக்கில் நான்கு சக்கரங்களையும் கழற்றி மாட்ட அரைமணி நேரம் ஆகும் என்றால், இங்கே சக்கரத்துக்கு ஒரே நட்டு என்பதாலும் ஆளுக்கு ஒரே அசைவு என்பதாலும், அந்த வேலை இரண்டு, இரண்டரை நொடிக்குள் முடிந்துவிடுகிறது. 2019ஆம் ஆண்டு பிரேசிலில் வெர்ஸ்டாப்பனின் காருக்கு ரெட்புல் குழு 1.82 நொடியில் நான்கு சக்கரங்களையும் மாற்றியது அப்போதைய உலகச் சாதனை.

இவர்கள் டயர் மாற்றுவதற்கென்றே அமர்த்தப்பட்ட தனி ஆட்கள் அல்லர் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை பயிற்சி ஓட்டத்துக்கும் சனிக்கிழமை தகுதிச் சுற்றுக்கும் எஞ்சினையும் கியர்பெட்டியையும் பிரித்துப் பூட்டிய அதே மெக்கானிக்குகள்தான் ஞாயிற்றுக்கிழமை தலைக்கவசமும் தீப்பிடிக்காத உடையும் அணிந்துகொண்டு கன்னைக் கையில் எடுக்கிறார்கள்.

சக்கரம் பூட்டியாயிற்று, இனிப் புறப்படலாம் என்று ஓட்டுநருக்குத் தெரிவிக்கும் முறையில்தான் இந்த வேலையின் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. முற்காலத்தில் நீண்ட கழியில் பலகையைக் கட்டிக் காரின் முன் நீட்டிப் பிடித்திருக்கும் ஒருவர், எல்லாம் முடிந்ததும் அதை உயர்த்துவார். பிறகு அவருக்குப் பதிலாக விளக்குகள் வந்தன. 2008ஆம் ஆண்டு சிங்கப்பூர்ப் பந்தயத்தில் எரிபொருள் குழாய் காரிலிருந்து கழற்றப்படும் முன்பே ஃபெராரி அணியின் பச்சை விளக்கு எரிந்ததால், முன்னிலையில் இருந்த ஃபிலிப்பே மாசா குழாயை இழுத்துக்கொண்டே புறப்பட்டு, புள்ளி ஏதுமின்றி 13ஆம் இடத்தில் முடித்தார். அந்த ஆண்டு உலகப் பட்டத்தை அவர் ஹாமில்டனிடம் இழந்தது ஒரே ஒரு புள்ளியில். அதன்பின் கன்னிலும் ஜாக்கியிலும் பொத்தான்களும் உணரிகளும் பொருத்தப்பட்டு, நட்டு முடுக்கப்பட்ட செய்தி ஜாக்கிக்காரருக்கும் ஜாக்கி இறங்கிய செய்தி ஓட்டுநருக்கும் மின்குறியாகச் செல்லும் ஏற்பாடு படிப்படியாக நிலைபெற்றது. ஆனாலும் 2018ஆம் ஆண்டு பஹ்ரைனில், இடது பின்சக்கரம் கழற்றப்படாத நிலையிலேயே பச்சை விளக்கு எரிந்து, கிமி ரைக்கோனனின் ஃபெராரி கார் புறப்பட்டதில், சக்கரத்தின் முன் நின்றிருந்த மெக்கானிக் ஒருவரின் கால் முறிந்தது.

இந்தப் பின்னணியோடு 2021ஆம் ஆண்டின் மொனாக்கோ பந்தயத்தைப் பார்க்க வேண்டும். மே 23 அன்று நடந்த அப்பந்தயத்தில் இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்த மெர்சிடிஸ் ஓட்டுநர் வால்ட்டேரி பொட்டாஸ் டயர் மாற்ற உள்ளே வந்தபோது, வலது முன்சக்கரத்தின் நட்டின் மீது கன் நேராக உட்காராமல் சற்றே சாய்ந்து உட்கார்ந்தது. காற்றழுத்தத்தின் முழுவேகத்தில் சுழன்ற கன், நட்டைத் திருப்புவதற்குப் பதிலாக அதன் விளிம்புகளைச் சீவித் தள்ளிவிட்டது. எடை குறைவதற்காக அலுமினியத்தில் செய்யப்படும் அந்த நட்டில், கன் கவ்விப் பிடிப்பதற்கு ஏதும் மிஞ்சவில்லை. மற்ற சக்கரங்கள் தயாராக இருக்க, ஒரு சக்கரத்துக்காகக் கார் அங்கேயே பந்தயத்தை முடித்துக்கொண்டது. இரண்டாம் இடத்துக்கு உரிய 18 புள்ளிகள் போயின. அந்தச் சக்கரத்தைக் கழற்றுவது மொனாக்கோவில் இயலாமல் போய், கார் இங்கிலாந்தின் பிராக்லியில் உள்ள தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இரண்டு நாள் கழித்தே சக்கரம் வெளியே வந்தது. அன்று வென்ற வெர்ஸ்டாப்பன் உலகப் பட்டத்துக்கான பட்டியலில் தம் வாழ்நாளில் முதன்முறையாக முதலிடத்துக்கு ஏறினார்; அணிகளுக்கான பட்டியலில் ரெட்புல் மெர்சிடிஸை ஒரே புள்ளியில் முந்தியது. பொட்டாஸின் நட்டு ஒழுங்காகக் கழன்றிருந்தால் அந்த ஒரு புள்ளி முன்னிலை அன்று கிட்டியிருக்காது. அதே பந்தயத்தில், தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்ற கையோடு சுவரில் மோதிக்கொண்ட ஷார்ல் லெக்லேரின் காரில், கியர்பெட்டியைத் துருவி ஆராய்ந்து பழுதில்லை என்று ஃபெராரி மெக்கானிக்குகள் கண்ட பிறகு, மோதாத இடப்பக்கத்தில் சக்கரத்துக்கு விசை கடத்தும் பாகம் தொடக்கவரிசைக்குச் செல்லும் வழியிலேயே உடைந்ததால், அவர் பந்தயத்தைத் தொடங்கவே முடியவில்லை.

அந்தக் கோடையில் பந்தய விதிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான எஃப்ஐஏ ஒரு சுற்றறிக்கை விடுத்தது. நட்டு முடுக்கப்பட்டதற்கும் ஜாக்கி இறங்குவதற்கும் இடையே குறைந்தது 0.15 நொடியும், ஜாக்கி இறங்கியதற்கும் பச்சை விளக்கு எரிவதற்கும் இடையே 0.2 நொடியும் கழிய வேண்டும் என்பது அதன் சாரம். மனிதர் ஒருவர் கண்டு, உணர்ந்து, பொத்தானை அழுத்துவதற்குத் தேவையான நேரம் அது. அதைவிட விரைவாகக் குறி சென்றால் மனிதருக்குப் பதில் இயந்திரமே முடிவெடுக்கிறது என்று பொருள் கொள்ளப்பட்டது. பாதுகாப்பே காரணம் என்று அமைப்பு சொல்ல, அதிவேகமாகச் சக்கரம் மாற்றிவந்த ரெட்புல் அணி வெளிப்படையாகவே மனக்குறை தெரிவித்தது. கால் முறிந்த ஒருவரின் நிலையிலிருந்து பார்த்தால் விதியைக் குறைசொல்ல முடியாது. ஆயினும் பருவத்தின் நடுவே, கை பழகிப்போன ஓர் அசைவை மாற்றச் சொல்வது சிறிய காரியமன்று.

ஆகஸ்டு 29 அன்று பெல்ஜியத்தில் நடைமுறைக்கு வந்த அவ்விதியின் நிழல் செப்டம்பர் 12 அன்று இத்தாலியின் மோன்சாவில் விழுந்தது. அங்கே வெர்ஸ்டாப்பனின் நிறுத்தம் 11 நொடிக்கு மேல் இழுத்துவிட்டது. புதிய நடைமுறைக்கு இன்னும் பழகாத கையின் பிழை என்று அணி விளக்கியது. அடுத்தடுத்த சுற்றுகளில் உள்ளே வந்த ஹாமில்டனுக்கும் நான்கு நொடிக்கு மேல் பிடித்தது. இரு குழுக்களும் தத்தம் வழக்கமான வேகத்தில் வேலையை முடித்திருந்தால் அவ்விருவரும் தடத்தில் வெவ்வேறு இடங்களில் இருந்திருப்பார்கள். தாமதங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டியதால், ஹாமில்டன் பிட் பாதையிலிருந்து வெளியேறும்போது வெர்ஸ்டாப்பன் அவர் பக்கத்தில் வந்து சேர, முதல் திருப்பத்தில் இருவரும் மோதி, ஒரு காரின் பின்சக்கரம் மற்றொரு காரின் ஓட்டுநர் தலைக்கு மேல் ஏறிநின்றது. தலையைச் சுற்றி அமைக்கப்படும் ‘ஹாலோ’ என்னும் டைட்டானிய வளையம் ஹாமில்டனைக் காப்பாற்றியது. பழி ஓட்டுநர்களுக்குள் பங்கிடப்பட்டு, வெர்ஸ்டாப்பனுக்கு அடுத்த பந்தயத்தில் மூன்று இடம் பின்தள்ளும் தண்டனை கிடைத்தது.

வீணாகப் போன உழைப்புக்கு அப்பருவத்தில் குறைவில்லை. ஜூலை 18 அன்று சில்வர்ஸ்டோனில் ஹாமில்டனோடு உரசி, புவியீர்ப்பைப்போல் 51 மடங்கு விசையோடு தடுப்பில் மோதிய வெர்ஸ்டாப்பனின் காரிலிருந்து மீட்கப்பட்ட எஞ்சின், அடுத்து ஹங்கேரியில் தகுதிச் சுற்றுவரை ஓடிய பிறகு விரிசல் கண்டிருப்பது தெரியவந்து, பந்தயத்துக்கு முன் மாற்றப்பட்டது. அப்பந்தயத்தின் முதல் திருப்பத்திலேயே பொட்டாஸ் கிளப்பிய விபத்தில் சிக்கி அந்தக் கார் மறுபடி சிதைந்தது. பெல்ஜியத்தில் கொட்டும் மழையில், தொடக்கவரிசைக்குக் காரை ஓட்டிச் செல்லும்போதே ரெட்புல்லின் செர்ஜியோ பெரெஸ் தடுப்பில் மோதி முன்சக்கரத்தைத் தாங்கும் அமைப்பை உடைத்துக்கொண்டார். பந்தயம் மணிக்கணக்கில் தள்ளிப்போனதைப் பயன்படுத்திக்கொண்டு மெக்கானிக்குகள் காரை முழுக்கச் சீர்செய்து, பிட் பாதையிலிருந்து புறப்பட அனுமதியும் பெற்றார்கள். ஆபத்தான நேரத்தில் வேகத்தை மட்டுப்படுத்த முன்னே செல்லும் பாதுகாப்புக் காரின் பின்னால் சில சுற்றுகள் ஊர்ந்ததோடு அந்தப் பந்தயம் நிறுத்தப்பட்டு, முன்னணியினருக்குப் பாதிப் புள்ளிகள் வழங்கப்பட்டன. பெரெஸுக்கு ஒன்றும் இல்லை.

நவம்பரில் மெக்சிகோ, பிரேசில், கத்தார் ஆகிய மூன்று நாடுகளில் 7, 14, 21 ஆகிய தேதிகளில் அடுத்தடுத்து பந்தயங்கள் அமைந்தன. மேசை, தடுப்பு போன்ற கனமான சாமான்களைப் பல தொகுதிகளாகச் செய்து முன்கூட்டியே கப்பலில் அனுப்பிவிடலாம் என்றாலும், காரும் எஞ்சினும் ஞாயிறு இரவே பிரிக்கப்பட்டு விமானத்தில் ஏற வேண்டும். மெக்சிகோவிலிருந்து சரக்கு விமானங்கள் தாமதமானதால் பிரேசிலில் ஊரடங்கு விதியையே தளர்த்த வேண்டியதாயிற்று. அதே பிரேசிலில்தான் ஹாமில்டனின் பின்னிறக்கையில், திறந்து மூடும் மடலின் இடைவெளி விதித்த 85 மில்லிமீட்டரைத் துளியளவு தாண்டியதற்காக அவர் தகுதிச் சுற்றிலிருந்து நீக்கப்பட்டார். மறுநாள் தொடக்கவரிசையை முடிவுசெய்யும் சனிக்கிழமை குறுஓட்டத்தில் கடைசி இடத்திலிருந்து தொடங்கி ஐந்தாம் இடம்வரை ஏறி, எஞ்சின் மாற்றியதற்கான தண்டனையோடு மறுநாள் பத்தாம் இடத்திலிருந்து புறப்பட்டு அவர் வென்றார்.

அபுதாபிக்கு இரு ஓட்டுநர்களும் 369.5 புள்ளிகளோடு சமமாக வந்தார்கள். 58 சுற்றுப் பந்தயத்தின் 53ஆம் சுற்றில் விபத்து ஒன்று நிகழ்ந்து பாதுகாப்புக் கார் வெளியே வந்ததும், முன்னால் இருந்த ஹாமில்டன் தேய்ந்த டயர்களோடு தடத்திலேயே இருக்க, ரெட்புல் குழு வெர்ஸ்டாப்பனை அழைத்துப் புதிய மென்டயர்களைப் பூட்டி அனுப்பியது. அதன்பின் பந்தய இயக்குநர் எடுத்த முடிவும் கடைசிச் சுற்றில் நடந்தவையும் வழக்கறிஞர் மொழியில் ஆயிரம் பக்கம் எழுதப்பட்டுவிட்டன. வெர்ஸ்டாப்பன் 395.5, ஹாமில்டன் 387.5 என்று ஓட்டுநர் பட்டியல் முடிய, அணிகளுக்கான பட்டத்தை மெர்சிடிஸ் தொடர்ந்து எட்டாம் முறையாக வென்றது.

மறு ஆண்டு சக்கரங்கள் 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக மாறின. எடை கூடியது, குழுக்கள் தூக்கும் முறையையும் நிற்கும் நிலையையும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது, பிட் ஸ்டாப் நேரங்கள் முதலில் நீண்டன. ரெட்புல்லின் 1.82 நொடிச் சாதனை இனி முறியாது என்று பலரும் கருதியிருக்க, 2023ஆம் ஆண்டு கத்தார் பந்தயத்தில் லாண்டோ நாரிஸின் காருக்கு மெக்லாரன் குழு அதே கனமான சக்கரங்கள் நான்கையும் 1.80 நொடியில் மாற்றிக் காட்டியது.