நந்தன் பாட்டும் நையாண்டியும்

காரைக்கால் என்றவுடன் நேயர்களுக்கு அம்மையாரும் மாங்கனித் திருவிழாவும் நினைவுக்கு வருவது இயல்பே. தமிழிசைக்கு இவ்வூர் செய்த வேறோர் உதவியும் உண்டு. அதனை அறிந்தவர் சிலரே. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860களின் தொடக்கத்தில் அச்சேறியதற்கு, அந்நாளில் காரைக்காலில் அதிகாரியாயிருந்த சீசே என்னும் பிரெஞ்சுக்காரரின் ஆர்வம் பெரிதும் துணை நின்றது. தமிழ்ப் புலவர்கள் ஏற்கலாமா, தள்ளலாமா என்று தயங்கிக்கொண்டிருந்த பாட்டை, கடல் கடந்து வந்தவர் ஒருவர் புத்தகமாக்க முன்வந்தார் என்பது வியப்பிற்குரியதுதான்.

பாரதியார் பிறந்தது நாகைக்கு அருகிலுள்ள நரிமணத்தில். இன்று அவ்வூரின் பெயர் எண்ணெய்க் கிணறுகளால் வெளியே தெரிகிறது. முடிகொண்டான், ஆனதாண்டவபுரம், மாயூரம் என்று காவிரிப் பாசன ஊர்களிலேயே அவர் வாழ்நாள் கழிந்தது. மணம் செய்துகொள்ளாதவர், வேதாந்தமும் யோகமும் பயின்றவர், இந்துஸ்தானி இசையிலும் பயிற்சி உடையவர். இவ்வளவு கற்றவர் தம் கதைக்குத் தேர்ந்தெடுத்த மெட்டுகளோ பெரும்பாலும் ஊரார் வாயில் ஏற்கெனவே புழங்கியவை. நொண்டிச் சிந்தை அவர் கூச்சமின்றி எடுத்து ஆண்டார்.

அச்சிடுமுன் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் கேட்டுச் சென்றார் பாரதியார். பிள்ளையவர்கள் இலக்கணப் பிழைகளைக் கண்டு மனம் ஒப்பவில்லை. பாரதியார் மறுபடியும் மறுபடியும் வந்தார். ஒரு நாள் திண்ணையில் அமர்ந்து, தமக்குத் தாமே தம் பாட்டைப் பாடத் தொடங்கினார். உள்ளே இருந்த பிள்ளையவர்கள் அதைக் கேட்டு உருகிப்போய்ப் பாயிரம் அளித்தார். இந்தச் செய்தியை நமக்குச் சொல்லி வைத்தவர், அவ்விருவரையும் நேரில் அறிந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர். பிள்ளையவர்கள் கண்ட பிழைகள் இல்லாதவை அல்ல. ஆனால் பண்ணையாளும் ஆண்டையும் நன்னூல் படித்துவிட்டா சண்டையிடுவார்கள்? பேச்சு வழக்கை அப்படியே பாட்டில் இறக்கியதனால் வந்த பிழைகள் அவை. பாட்டின் உயிரும் அங்கேதான் இருந்தது.

சேக்கிழாரின் திருநாளைப்போவார் புராணத்தில் ஆண்டை என்று ஒருவரும் இல்லை. ஆதனூரிலே கோயில் முரசுகளுக்குத் தோலும், வீணைக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்த தொண்டர் அவர். நந்தனை வேதியர் ஒருவரின் பண்ணையாளாக்கி, நாற்பது வேலி நிலத்தின் அறுவடையை ஒரே இரவில் முடித்துவிட்டுத் தில்லைக்குப் போகலாம் என்று கட்டளையிட வைத்தவர் பாரதியார். புராணத்துக்கு மாறு என்று குறை கூறியவர்கள் உண்டு. எனினும் இந்த ஒரு மாற்றத்தினால் கதை தஞ்சை வயலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. கேட்டவர் ஒவ்வொருவருக்கும் அந்த ஆண்டையின் முகம் தெரிந்திருந்தது.

பாரதியாரின் நகைச்சுவை ஒரு பக்கம் மட்டும் சாய்வதில்லை. தில்லைக்குப் போகிறேன் என்று நந்தன் சொன்னதும் முதலில் எதிர்ப்பவர்கள் சேரிப் பெரியவர்களே. வீரன், கறுப்பன் முதலிய நம் காவல் தெய்வங்கள் இருக்க, உனக்கு எதற்கடா அந்தச் சாமி என்று அவர்கள் கேட்கிற கேள்வியில் கேலியும் இருக்கிறது, நியாயமான அச்சமும் இருக்கிறது. ஆண்டையின் வசையிலோ சிரிப்பு வேறு வகை. அவர் வாய் திறக்கத் திறக்க, தாழ்பவர் அவர்தான்.

திருப்புன்கூர்ப் பாட்டையும் பாருங்கள். சந்நிதியை மறைத்திருப்பது நந்தியெம்பெருமான். உழவன் கண்ணுக்கு அது வழியில் படுத்திருக்கும் பெரிய மாடு. அப்படியே சொல்லிப் பாடுகிறான். நாட்டைக்குறிஞ்சியின் உருக்கத்தில் கண்ணீர் வருகிற அதே இடத்தில் ஒரு புன்னகையும் வருகிறது. இறைவன் பணிக்க, மாடு விலகிக்கொள்கிறது. அதற்குப் பின்புதான் ஆண்டையிடம் போய் நிற்கிறான் நந்தன், ஆண்டை விலகவில்லை. இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டுவதற்குக் கவிஞர் ஒரு வரிகூடச் செலவிடவில்லை. கேட்பவர் தாமே ஒப்பிட்டுக்கொள்ளும்படி விட்டுவிடுகிறார். நையாண்டியில் தேர்ந்தவர் செய்கிற காரியம் இது.

இதன் கூர்மையை முழுதும் உணர்ந்தவர் இன்னொரு பாரதியார். சுப்பிரமணிய பாரதியார் சுதேசிக் கிளர்ச்சியின்போது இந்த மெட்டுகளையே எடுத்துக்கொண்டார். ஆண்டை நந்தனை ஏசும் பாட்டின் மெட்டில், ஆங்கிலேய உத்தியோகஸ்தன் இந்தியனை ஏசுகிறான். நந்தனுக்குப் புத்தி சொல்லும் மெட்டில், நிதானக் கட்சியார் திலகருக்குப் புத்தி சொல்கிறார்கள். மெட்டைக் கேட்டதுமே யார் ஆண்டை, யார் அடிமை என்பது விளங்கிவிடும், விளக்கவுரை வேண்டாம். இதில் வேறோர் உறுத்தலும் உண்டு. சேரியைப் பார்த்து அந்த வசையைப் பேசிப் பழகியவர்கள், அதே வசை தம்மீது திரும்பியதையும் அந்த மெட்டிலேயே கேட்டார்கள்.

1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் நடித்த படம் வந்தது. 1942இல் ஜெமினியின் படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனாரானார். கச்சேரி மேடைகளிலே, உள்ளே வரலாமா என்று இறைவனைக் கேட்கும் மாஞ்சிராகப் பாட்டு தனித்த உருப்படியாக நிலைத்துவிட்டது. தனியாகப் பாடும்போது அது பக்திப் பாட்டு. கதைக்குள் வைத்துக் கேட்டால் அது ஒரு வழக்கு. அனுமதி கேட்க வேண்டிய நிலைக்கு அவனைக் கொண்டு நிறுத்தியது யார் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. மேடையில் அந்தப் பாதி மறைந்துபோவது எனக்கு எப்போதும் ஒரு குறையாகவே படுகிறது.

கதையின் முடிவில் நந்தன் தீக்குள் இறங்கித் தூயவனாகி வெளிவருகிறான். அதைச் சேக்கிழாரிடமிருந்து பாரதியார் மாற்றவில்லை. அதே நாகைப் பகுதியின் கீழவெண்மணியில், நெற்கூலித் தகராற்றின் விளைவாக, 1968 டிசம்பர் 25 அன்று உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அந்தத் தீயிலிருந்து ஒருவரும் முனிவராகி வெளிவரவில்லை. அதற்குப் பின் நந்தன் கதையைக் கேட்பவர்களுக்கு அந்த ஆண்டை புராணகாலத்து மனிதராகத் தோன்ற வழியில்லை. நாற்பது வேலி அறுவடை என்ற இடத்தில் முன்போல் உரக்கச் சிரிக்கவும் முடிவதில்லை. ஆயினும் சிரிப்பு முற்றும் அடங்கிவிடுவதும் இல்லை. சிரிக்கப்படுகிறவர் யார் என்பதைப் பாட்டு தெளிவாகவே சொல்லிவிட்டதல்லவா?

பாரதியார் காரைக்கால் அம்மையார் சரித்திரத்தையும் கீர்த்தனையாகப் பாடியிருக்கிறார். இயற்பகையாரையும் திருநீலகண்டரையும் பாடினார். அவை எவையும் நந்தனைப்போல் பரவவில்லை. அம்மையாரின் சொந்த ஊரிலே இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது. அம்மையார் கதையில் மாங்கனியைக் கண்டு மிரண்டு ஓடிப்போகிற கணவன்தான் உண்டு. எதிரே நின்று வாதாடுவதற்கு ஓர் ஆண்டை இல்லையே!