உங்களுக்குத் தெரியுமா? திருப்பதியின் பின்கோடு ஒரு பகா எண்!

திருப்பதியின் பின்கோடு 517501. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் இது மீதியின்றி வகுபடாது. சந்தேகமா? இதன் வர்க்கமூலம் 719-ஐச் சற்றே தாண்டுகிறது. ஆகவே 2 முதல் 719 வரையுள்ள 128 பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும்.

இன்னொரு அழகும் உண்டு. 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எந்தப் பகா எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக ஒரே ஒரு வழியில் எழுதலாம். இதை 17-ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஃபெர்மா சொன்னார். பிறகு ஆய்லர் நிரூபித்தார். திருப்பதியின் எண்ணும் அத்தகையதே; அதற்கு அந்த வழி: 170² + 699².

சித்தூருக்கு (517001) பகா எண்ணாகும் யோகம் இல்லை. அது 37 × 89 × 157. ஆறுதலாக, அதை இரண்டு வர்க்கங்களின் கூட்டாக நான்கு வழிகளில் எழுதலாம்! மலைமேல் திருமலையோ 517504, இரட்டை எண், கேட்கவே வேண்டாம்.

நூறு இலக்க எண்ணென்றால் இப்படி வகுத்துக்கொண்டிருக்கக் கணினிக்கும் காலம் போதாது. அதற்கான உறுதியான, விரைவான சோதனையை 2002-இல் ஐஐடி கான்பூரின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் தந்தார்கள்.

உங்கள் ஊர் எண்ணையும் சோதித்துப் பாருங்களேன். தமிழ்நாடு என்றால் 797 வரை வகுத்தால் போதும்.