முத்துக்குளித்துறையில் உடன்வழிபாடு

தூத்துக்குடிப் பனிமய மாதா கோயிலில் பரதவ மக்களோடு வழிபடச் செல்லும் நம் மாணவர், ஆங்குக் கூடுவது எத்தகைய சபை என்பதை முன்னரே அறிந்து செல்லுதல் நலம். பரதவர் நெய்தல் நிலத்துப் பழங்குடியினர்; பட்டினப்பாலை பயின்றோர்க்கு அவர்தம் பெயர் புதிதன்று. 1535க்குப் பின் இரண்டொரு ஆண்டுகளில் அவர்கள் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். முத்துச் சலாபத்து உரிமையைக் காக்கப் போர்ச்சுக்கீசியரின் துணையை நாடியதே அதற்கு உடனடிக் காரணமென்பதைச் சரித்திரம் மறைக்கவில்லை.

எனினும், அவ்விசுவாசத்தை அவர்கள் தமதாக்கிக்கொண்ட விதமே நாம் சிந்திக்கத்தக்கது. 1542இல் இக்கரைக்கு வந்த சவேரியார் தமிழறியாதவர். போதிக்குமுன் தாமே கற்கவேண்டியவரானார். மொழியறிந்தார் உதவியால் செபங்களைத் தமிழாக்கி, மனனஞ்செய்து, கைமணி ஒலித்துச் சிறுவரை அழைத்துக் கற்பித்தார். பின்வந்த அண்டிரிக் அடிகளார் தமிழைத் திருத்தமுறப் பயின்று, 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சேற்றினார். 16 பக்கமேயுள்ள சிறுநூல் அது. கோயிலிற் பூசை இலத்தீனில் நடந்தது. 1962இல் தொடங்கிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே அவ்விடத்தைத் தாய்மொழிக்குத் திறந்தது. மக்கள் வாயிலோ செபம் அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழாயிருந்தது!

இனி, நமக்குச் சற்றுக் கசப்பான செய்தியொன்றுண்டு. 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் நம்மைப்போற் சீர்திருத்த சபையினர். அவர்கள் கத்தோலிக்கக் குருமாரை அகற்றி, இம்மக்களைத் தம்பாற் திருப்ப முயன்றனர், மக்கள் இசைந்திலர். 1750இல் ஒல்லாந்தர் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம் இன்றும் அந்நகரில் நிற்கின்றது. அவ்வழி வந்தோர் மாதா கோயிலுள் விருந்தினராய் ஏற்கப்படுவது சிறிய காரியமன்று.

ஆகஸ்ட்டு 5 திருநாளாதலின், அதற்கு முந்தைய நாட்களிற் செல்வோர் பெருங்கூட்டத்தைக் காண்பர். நற்கருணை வேளையில் நாம் இருக்கையிலேயே அமர்ந்திருத்தல் வேண்டும். அவர்கள் பந்தியிற் சேரும் முறை நமக்கில்லை; அதனை அவமதிப்பென்று கொள்ளலாகாது, இல்லாததுபோல் நடித்தலும் ஆகாது. பிரிவினை அவ்விடத்தில் மெய்யாகவே உள்ளது.

ஆனால் கர்த்தர் கற்பித்த செபத்தை நாமும் உடன் சொல்லலாம். நாம் மனனஞ்செய்த பாடமும் அவர்களுடையதும் சொல்லுக்குச் சொல் ஒவ்வா. ஆகையால் நம் குரலைத் தாழ்த்தி, அவர்கள் பாடத்தைப் பின்தொடர்தலே தக்கது.