மண்ணில் முடங்கிக் கிடக்கும் மணிச்சத்து

50 கிலோ டிஏபி மூட்டை ஒன்றில் இருக்கும் மணிச்சத்து 23 கிலோ. அதை அடியுரமாகப் போட்ட போகத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அதில் கால் பங்குகூட இல்லை. மீதி எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. அதே வயலில்தான், பயிருக்கு எட்டாத வடிவத்தில் கிடக்கிறது.

தழைச்சத்து காற்றோடும் போகும், தண்ணீரோடும் போகும். மணிச்சத்து அப்படியல்ல. மண்ணில் விழுந்த சில நாட்களிலேயே எதையாவது பற்றிக்கொள்ளும். சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் கால்சியத்தோடும், அமிலத்தன்மையுள்ள செம்மண்ணில் இரும்பு, அலுமினியத்தோடும் சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். வேரோ கரைந்ததை மட்டும்தான் உறிஞ்சும். கரைந்திருக்கும் கொஞ்சமும் மண்ணுக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் நகர்வது கடினம். வேரைச் சுற்றியுள்ள சத்து தீர்ந்ததும், பக்கத்திலேயே குவிந்து கிடந்தாலும் பயிர் பட்டினிதான். மக்காச்சோள இளம்பயிரின் இலையில் ஊதா நிறம் படர்வது இந்தப் பட்டினியின் பழக்கமான அடையாளம்.

இந்தப் பூட்டைத் திறக்கத் தெரிந்தவை சில பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும். பேசில்லஸ், சூடோமோனாஸ், ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் ஆகிய பேரினங்களில் இவை அதிகம். வேர் கசியவிடும் சர்க்கரையைத் தின்று குளுக்கோனிக், சிட்ரிக் போன்ற அமிலங்களை வெளியே விடுகின்றன. அமிலம் கால்சியத்தைக் கவ்விக்கொள்ள, மணிச்சத்தான பாஸ்பேட் விடுபடுகிறது. மட்கிய இலைதழையில் சிக்கியிருக்கும் மணிச்சத்தை விடுவிக்க வேறு வழி உண்டு: பாஸ்படேஸ், பைட்டேஸ் என்னும் நொதிகள். இதெல்லாம் பயிருக்குச் செய்யும் தர்மம் என்று நினைத்துவிட வேண்டாம். விடுவித்ததில் முதல் பங்கு நுண்ணுயிரின் உடம்புக்கே. அது செத்தோ, வேறொரு சிற்றுயிருக்கு இரையாகியோ போகும்போதுதான் அந்தப் பங்கு மண்ணுக்குத் திரும்புகிறது.

இந்தத் திறமையைக் கண்ணால் பார்க்க ஒரு வழியை 1948இல் சோவியத் விஞ்ஞானி பிகோவ்ஸ்கயா வகுத்துக் கொடுத்தார். கரையாத கால்சியம் பாஸ்பேட்டைக் கலந்த ஊடகம் கண்ணாடித் தட்டில் மோர்போல வெளுத்து நிற்கும். அதில் மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரை வைத்தால், திறமையுள்ளது தன்னைச் சுற்றிலும் பாஸ்பேட்டைக் கரைத்து, கண்ணாடி மாதிரி தெளிந்த வளையம் ஒன்றை உண்டாக்கும். இன்றும் ஆய்வகங்களில் முதல் பரிசோதனை இதுதான். இந்தியாவின் உரக் கட்டுப்பாட்டு ஆணையும் அந்த வளையம் குறைந்தது 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது.

தட்டில் தெளிந்தது வயலிலும் தெளியுமா? சோவியத் நாட்டில் பேசில்லஸ் மெகாடேரியம் என்னும் பாக்டீரியாவை 'பாஸ்போபாக்டெரின்' என்ற பெயரில் பெரும் பரப்பில் போட்டார்கள், விளைச்சல் கூடியது என்றார்கள். அமெரிக்க வேளாண் துறை அதைச் சோதித்து 1962இல் வெளியிட்ட அறிக்கையில் குறிப்பிடத்தக்க பலன் தென்படவில்லை. காரணம் புரியாததல்ல. தட்டில் சர்க்கரை தாராளம், போட்டி இல்லை. வயலில் இரண்டும் தலைகீழ். சுண்ணாம்பு மண்ணோ, சுரக்கும் அமிலத்தை உடனுக்குடன் முறித்துவிடும். போதாததற்கு, தட்டில் வைக்கும் கால்சியம் பாஸ்பேட் அமிலத்தில் எளிதில் கரையக்கூடியது; செம்மண்ணின் இரும்புப் பிணைப்பு அவ்வளவு சுலபத்தில் இளகாது. சில வயலில் பலன், சில வயலில் ஒன்றுமில்லை என்பதே இதுவரையிலான அனுபவம். 'டிஏபியே வேண்டாம்' என்று விளம்பரம் செய்வது அதிகப்படி. மணிச்சத்து உரத்தைக் கால் பங்கு வரை குறைக்கலாம் என்று வேளாண் வட்டாரத்தில் சொல்வதே நிதானமான பேச்சு.

செடிகளும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. ஹைதராபாத் அருகே பட்டாஞ்செருவில் இருக்கும் இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வு செய்தவர்கள், துவரை வேர் பிசிடிக் அமிலம் சுரந்து, செம்மண்ணில் இரும்போடு ஒட்டிய மணிச்சத்தையே எடுத்துக்கொள்வதை 1990இல் வெளியிட்டார்கள். வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சையான வேர் உட்பூசணத்தின் உதவி இன்னொரு விதம். அதன் நூலிழைகள் வேர் எட்டாத இடத்துக்கு நீண்டு, அங்கே கரைந்திருப்பதைக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

மணிச்சத்தைக் கரைக்கும் பாக்டீரியா தமிழ்நாட்டில் 'பாஸ்போபாக்டீரியா' என்ற பெயரில் பல காலமாக 200 கிராம் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. இப்போது திரவமாகவும் வருகிறது. பாக்கெட்டில் கறுப்பாக இருப்பது பெரும்பாலும் பழுப்பு நிலக்கரித் தூள், நெய்வேலியில் தோண்டுகிறார்களே அந்தச் சரக்கு. பாக்டீரியாவுக்கு அது வெறும் தங்குமிடம். விதை நேர்த்திக்கு ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையைப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்துவார்கள். நடவு வயலுக்கு எக்டேருக்கு 10 பாக்கெட்டை 25 கிலோ தொழு உரத்தோடும் 25 கிலோ மண்ணோடும் கலந்து தூவச் சொல்கிறது பரிந்துரை. அந்தத் தொழு உரத்தைச் சடங்காக நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தின்ன எதுவும் இல்லாத மண்ணில் கோடி பாக்டீரியாவை இறக்கினாலும் எத்தனை நாள் தாங்கும்?

தூள் வடிவ உயிர் உரத்தில் ஒரு கிராமுக்கு 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். வெயில் அடிக்கும் கடை வாசலில் மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட்டில் அந்த எண்ணிக்கையை எதிர்பார்க்க முடியாது. அதற்கெல்லாம் முன்பு மண் பரிசோதனை செய்யுங்கள்; மணிச்சத்து அதிகம் என்று வந்தால் டிஏபியைக் குறையுங்கள். பாக்கெட் வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். பூச்சிமருந்தோடும் ரசாயன உரத்தோடும் அதைக் கலக்காதீர்கள்.