சொல் வருமுன் செல்லும் மனம்

ரயில் நிலையத்து ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்பில் பாதிச் சொற்கள் இரைச்சலில் அமிழ்ந்து போகின்றன. ஆயினும், அடிக்கடி பிரயாணம் செய்பவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு உரிய பிளாட்பாரத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுகிறார். எண் ஒன்று காதில் விழுந்தால் அவருக்குப் போதும். முதன்முறை வந்தவரோ அதே அறிவிப்பைக் கேட்டும் பக்கத்திலிருப்பவரை விசாரிக்கிறார். இருவருடைய செவியிலும் குறையில்லை. முன்னவருடைய மனம் அடுத்து வரக்கூடியதை முன்னரே எதிர்பார்த்து நிற்கிறது. விடுபட்டதைத் தானே நிரப்பிக்கொள்கிறது.

இவ்வெதிர்பார்ப்பின் சுவடு மூளையின் மின்னோட்டத்தில் தென்படுகிறது. 1980-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் மார்த்தா கூட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் என்ற இருவர், வாக்கியங்களை ஒவ்வொரு சொல்லாகப் படிக்கச் செய்து, தலையின்மேல் பொருத்திய மின்வாய்களால் அளந்தனர். ரொட்டியில் தடவும் பொருளாகக் காலுறையைக் கூறினாற்போன்ற பொருந்தாச் சொல் வந்ததும், ஏறத்தாழ 400 மில்லி விநாடியில் எதிர்மின் அலையொன்று பெரிதாக எழுந்தது. செவியால் கேட்கும் பேச்சிலும் இது பின்னர்க் காணப்பட்டது.

ஆனால் இது சொல் வந்தபின் எழும் திகைப்பையே காட்டுகிறது என்று ஒருவர் வாதிக்கலாம். அவ்வாதத்திற்கு விடையளித்தது கண். கேக், பந்து, விளையாட்டு ரயில் முதலியவை சூழ ஒரு சிறுவன் அமர்ந்திருக்கும் படத்தைக் காட்டி, ஆங்கில வாக்கியங்களைக் கேட்பித்தனர் ஆல்ட்மனும் கமிடேயும். அவர்கள் 1999-இல் வெளியிட்ட முடிவின்படி, ‘தின்பான்’ என்ற வினை ஒலித்ததும், ‘கேக்’ என்ற சொல் வருமுன்னரே, கேட்போரின் கண்கள் கேக்கின்மேல் சென்றன. ‘நகர்த்துவான்’ என்றபோது அவ்வாறு விரைந்து செல்லவில்லை.

ஆங்கிலத்தில் வினை முந்தி வருகிறது. வினை இறுதியில் நிற்கும் மொழிகளில் என் செய்வது? இவ்வினா தமிழருக்கு இயல்பாகவே எழும். 2003-இல் வெளியான ஜப்பானிய மொழி ஆய்வு இதற்கு விடை தருகிறது. அம்மொழியிலும் தமிழைப் போலவே வேற்றுமை உருபுகள் பெயரோடு ஒட்டி நிற்கின்றன. உணவு விடுதிப் பணிப்பெண் ‘வாடிக்கைக்காரருக்கு’ என்ற அளவிலேயே, கேட்டவர் பார்வை உணவுப் பண்டத்தை நாடியது. ‘வாடிக்கைக்காரரை’ என்றபோது அத்துணை நாடவில்லை. கொடுக்கப்படும் பொருள் ஒன்று வரப்போகிறது என்பதை உருபே அறிவித்துவிட்டது.

நம் நாட்டு ஆசிரியர்களும் கள ஊழியர்களும் ஊன்றிக் கவனிக்கத்தக்க ஆய்வு அலகாபாத் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ரமேஷ் மிஸ்ராவும் உடனாய்வாளரும் 2012-இல் வெளியிட்டதாகும். ‘இப்பொழுது நீங்கள் ஓர் உயரமான கதவைக் காண்பீர்கள்’ என்ற பொருளுடைய இந்தி வாக்கியங்களை, நன்கு கல்வி கற்றவர்களும் எழுத்தறிவு குறைந்தவர்களும் கேட்டனர். இந்தியில் அடைமொழியே பின்வரும் பெயரின் பாலை ஓரளவு காட்டிவிடும். கற்றோர் கண்கள் பெயர்ச்சொல் வருமுன்னரே உரிய படத்தை அடைந்தன. மற்றவர் கண்கள் பெயர் ஒலித்தபோதுதான் திரும்பின. அவர்களும் வாக்கியத்தைப் புரிந்துகொண்டார்கள் என்பதை மறத்தலாகாது. முந்திச் செல்லவில்லை, அவ்வளவே. வாசிப்புப் பழக்கம் எதிர்பார்ப்பைக் கூர்மையாக்குகிறது என்பது ஆய்வாளர் கருத்து. கல்வியோடு வாழ்க்கை வசதியும் சேர்ந்தே வேறுபடுவதால், முழுவதையும் வாசிப்பின் கணக்கிலேயே எழுதிவிட இயலாது என்று நமக்குத் தோன்றுகிறது.

எவ்வாறாயினும், கூட்டத்தில் உடனே தலையசையாதவரை மந்தர் என்று கருதுவது பிழை. பழகாத பொருளைப் பற்றிய பேச்சில் அவர் ஒவ்வொரு சொல்லையும் வந்த பின்னரே வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேகமாகப் பேசினால் அவருக்கு அவகாசமில்லை.

எதிர்பார்ப்பு ஏமாற்றுவதும் உண்டு. ‘இம்மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும்’, ‘சாப்பிட வேண்டாம்’ என்னும் இரண்டிற்கும் இறுதிவரை வேற்றுமையே இல்லை. உணவுக்குப் பின்னரே மருந்துண்டு பழகியவர், வாக்கியம் முடியுமுன்னரே ‘வேண்டாம்’ என்று மனத்தில் முடித்துவிடக்கூடும். ‘முதலில் மாத்திரை, அரை மணி கழித்து உணவு’ என்று வரிசையாகக் கூறினால் இந்த இடர் குறையும். பின்னர், கேட்டவரையே தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்தால், அவர் மனத்தில் எது நின்றது என்பது அப்போதே தெரிந்துவிடும்.